அக்கா வீட்டுக் கேமராவை எடுத்தது யார்?

காலை ஆறு மணி இருக்கும். அக்காதான் போன் செய்தார். "தம்பி, அந்தக் கண்ணைப் புடுங்கிட்டுப் போயிட்டானுங்க." கேமரா என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. மாட்டிய நாளிலிருந்தே அவருக்கு அது 'கண்ணு'தான்.

நாங்கள் மூன்று பேர் பைக்கில் கிளம்பிப் போனோம். தொகுப்பு வீட்டின் முன்சுவரில் நான்கு திருகாணித் துளைகளும், பாதியில் அறுபட்ட ஒரு வெள்ளை வயரும் மட்டும் இருந்தன. வாசலில் மீட்டர் பெட்டியின் பியூஸ் கழற்றித் திண்ணையில் வைக்கப்பட்டிருந்தது. தூக்கி எறியப்படவில்லை, ஒழுங்காக எடுத்து வைக்கப்பட்டிருந்தது. அப்போது அதை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு பல நாள் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

இதை எழுத நிறையத் தயங்கினோம். சம்பந்தப்பட்டவர்கள் எல்லோரிடமும் கேட்டு, சரி என்று சொன்ன பிறகே எழுதுகிறோம். ஊர், மாதம், சில அடையாளங்கள் மாற்றப்பட்டுள்ளன. வடமாவட்டத்துக் காலனி ஒன்று என்பதற்கு மேல் யாரும் எதுவும் தேட வேண்டாம்.

அக்கா வீட்டுக்குக் கேமரா வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறோம். இரண்டு வருடங்களுக்கு முன்பு அவருடைய இளைய மகன், திருவிழா நேரத்தில் ஊர்த்தெரு வழியாக பைக்கில் போனான். வண்டியை நிறுத்தச் சொன்னார்கள், சாதிப் பெயரைச் சொல்லி அடித்தார்கள். கையில் எலும்பு முறிவு. வன்கொடுமை தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. ஊர் மக்களுக்கு அது இன்றைக்கும் 'பி.சி.ஆர். கேஸ்'தான். வழக்கு சிறப்பு நீதிமன்றத்தில் சாட்சி விசாரணைக்கு வந்ததும், பேசி முடிக்கச் சொல்லி ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் பகலில் வந்தார்கள், பெரிய மனிதர்கள், வெள்ளை வேட்டி. பிறகு இரவில் வந்தார்கள், பைக்கில், பெயர் சொல்லாமல். அக்காவின் கணவர் இறந்து பல வருடமாகிறது. அடிபட்ட மகனை அந்த ஊரில் வைத்திருக்கப் பயந்து, திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் பெரியவனிடம் அனுப்பிவிட்டார். வீட்டில் அவரும் ஒரு ஆடும்தான்.

திருப்பூரிலிருந்து பெரியவன் சொன்னான்: "அண்ணே, ஒரு கேமரா மாட்டிடலாம். யார் வந்தாலும் நான் இங்கிருந்தே பாத்துக்கிறேன்." எங்களுக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. வைஃபை கேமரா, உள்ளே மெமரி கார்டு, ஆள் நடமாட்டம் தெரிந்தால் போனுக்கு மணி அடிக்கும். விலை மூவாயிரத்துக்குள். பக்கத்து டவுனில் கடை வைத்திருக்கும் ஒருவர் வந்து அரை மணி நேரத்தில் மாட்டிக் கொடுத்தார். அவர் ஊர்த்தெருக்காரர். அப்போது அதை யாரும் யோசிக்கவில்லை. கேமரா மாட்டத் தெரிந்தவர் சுற்றுவட்டாரத்தில் அவர் ஒருவர்தான்.

கேமராவின் மேல் எங்களுக்கு இருந்த நம்பிக்கைக்குக் காரணம் உண்டு. 2015 ஜூன் மாதம் கோகுல்ராஜ் என்ற தலித் இளைஞர் கொல்லப்பட்ட வழக்கை நினைத்துப் பாருங்கள். திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலுக்கு ஒரு தோழியோடு போனவர், மறுநாள் ரயில் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். முக்கியமான சாட்சி பிறழ்ந்த பிறகும் அந்த வழக்கு நின்றது என்றால், கோயில் கேமராவில் பதிவான காட்சிகளுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் கொடுத்த ஆயுள் தண்டனையை 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. அதேபோல் 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கரை வெட்டியது கேமராவில் பதிவாகி ஊர் உலகமே பார்த்தது. எங்கள் மக்கள் சொல்லும் சாட்சியை நம்பாதவர்கள்கூடக் கேமரா சொல்வதை நம்புவார்கள் என்ற எண்ணம் அப்படித்தான் எங்களுக்குள் வந்தது. அது ஒரு வலியான நம்பிக்கை. மனிதர்களின் வாய்க்கு இல்லாத மதிப்பு மூவாயிரம் ரூபாய் மெஷினுக்கு இருக்கிறது.

கேமரா மாட்டி ஐந்து வாரத்தில் அது வேலை செய்தது. இரவு பதினொன்றே முக்காலுக்கு இரண்டு பைக்கில் வந்தவர்கள் வாசலில் நின்று, "சாட்சி சொல்லப் போனா வீடு இருக்காது" என்று பேசியது முழுவதும் குரலோடு மெமரி கார்டில் பதிவானது. பெரியவன் போனில் பார்த்தான். எங்களுக்குச் சொன்னான். 'ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்து வக்கீலிடம் கொடுத்துவிடலாம்' என்று நாங்கள் முடிவு செய்தோம். வியாழக்கிழமை நடந்த மிரட்டல், சனிக்கிழமை வரை சுவரில் இருந்த அந்தக் கேமராவுக்குள்ளேயே கிடந்தது. சனிக்கிழமை இரவு கேமரா போய்விட்டது.

எங்கள் அலட்சியத்துக்கு வேறு பெயர் வைக்க விரும்பவில்லை.

யார் எடுத்தார்கள் என்பதில் காலனியில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. எங்களுக்கும் இல்லை. மிரட்டியவர்கள்தான் ஆதாரத்தை அழிக்க வந்து எடுத்துப் போயிருக்கிறார்கள். புகாரை அப்படியே எழுதினோம். காவல் நிலையத்தில் படித்துப் பார்த்த எழுத்தர் சிரித்தார். "கேமரா காணோம்னா கேமராவ பாத்தா தெரிஞ்சிடுமே" என்றார். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. "என்ன விலை?" "இரண்டாயிரத்து எண்ணூறு சார்." "இதுக்கெல்லாம் எப்.ஐ.ஆர். போட முடியாதும்மா. சி.எஸ்.ஆர். தரேன், போய்ட்டு வாங்க."

இதில் ஒரு சட்ட நுணுக்கம் இருக்கிறது, எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் திருட்டு என்பது 303-ஆம் பிரிவு. திருடுபோன பொருளின் மதிப்பு ஐந்தாயிரம் ரூபாய்க்குக் குறைவாக இருந்து, முதல் முறை குற்றவாளியாக இருந்து, பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவைதான் தண்டனை. இந்த ஐந்தாயிரத்துக்குக் கீழான திருட்டைப் போலீஸ் தானாக வழக்குப் பதிந்து விசாரிக்க முடியாத குற்றங்களின் வரிசையில் வைத்திருக்கிறார்கள். ஏழை வீட்டில் ஐந்தாயிரத்துக்கு மேல் திருட என்ன இருக்கும்? பணக்காரர் வீட்டுத் திருட்டு வழக்காகிறது, எங்கள் வீட்டுத் திருட்டு ரசீதாகிறது.

ஆனால் வழி இல்லாமல் இல்லை. குடியிருக்கும் வீட்டில் நடக்கும் திருட்டு 305-ஆம் பிரிவில் வரும். அதற்கு ஏழு ஆண்டு வரை தண்டனை உண்டு. நீதிமன்றத்தில் சாட்சியமாக வரவேண்டிய மின்னணுப் பதிவை வரவிடாமல் செய்வதற்காக அழித்தால் அது 241-ஆம் பிரிவு. அக்காவின் புகாரில் இந்த இரண்டும் இருந்திருக்க வேண்டும். மெமரி கார்டு, வயர், மாட்டுக்கூலி எல்லாவற்றையும் தனித்தனியாக விலை போட்டு எழுதியிருக்க வேண்டும். சட்டம் படித்தவர்கள் எங்களோடு இருந்தும், கோபத்தில் எழுதிய புகாரில் இவை எதுவும் இல்லை. காவல் நிலையத்தில் வாங்க மறுத்தால் 173(4) பிரிவின்படி எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் பிறகு நீதித்துறை நடுவரிடம் போகலாம். இது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் உள்ள பிரிவு. வன்கொடுமை வழக்கு சம்பந்தப்பட்டதாக இருந்தால் 14566 என்ற இலவச எண்ணிலும் புகாரைப் பதிவு செய்யலாம்.

இரண்டாவது புகாரைத் தயார் செய்துகொண்டிருந்த நேரத்தில்தான் அந்தத் தம்பி எங்களைத் தேடி வந்தான்.

எங்கள் மாலை வகுப்பில் படித்தவன். முதல் பட்டதாரி. மழை பெய்துகொண்டிருந்தது, தொப்பலாக நனைந்து வந்தான். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. பாலிதீன் கவரில் சுற்றிய கேமராவை மேசையில் வைத்தான்.

"நான்தாண்ணே எடுத்தேன். கார்ட ஒடச்சி ஏரில போட்டுட்டேன்."

கொஞ்ச நேரம் எங்களில் யாருக்கும் பேச்சு வரவில்லை. எவ்வளவு வாங்கினாய் என்று எங்களில் ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்டதற்காக அவர் இன்றைக்கும் வருந்துகிறார். தம்பி அழுதான். பிறகு சொன்னான்.

அக்கா வீட்டுச் சுவரிலிருந்து பார்த்தால் தெரு முனையும், அதைத் தாண்டி ஏரிக்கரைக்குப் போகும் ஒற்றையடிப் பாதையும் தெரியும். அந்தப் பாதையில் ஒரு புளியமரம். அவனும் ஊர்ப்பக்கத்துப் பெண் ஒருவரும் அங்கே சந்தித்துப் பேசிக்கொள்வார்கள். கல்லூரி பஸ்ஸில் தொடங்கிய பழக்கம், இரண்டு வருடம். கேமரா மாட்டியது அவனுக்குத் தெரியும். ஆனால் அவ்வளவு தூரம் தெரியும் என்று தெரியாது. ஒருநாள் டவுனில், கேமரா மாட்டிய கடைக்காரர் அவனைக் கூப்பிட்டுச் சிரித்துக்கொண்டே சொன்னாராம்: "என்னடா, புளியமரத்துல பேய் பிசாசு ஒண்ணும் இல்லையே?"

அவருக்கு எப்படித் தெரிந்தது? நாங்கள் அன்றைக்கே பெரியவனிடம் கேட்டுப் பார்த்தோம். கேமராவை முதன்முதலில் கணக்கில் ஏற்றும்போது கடைக்காரர் தன்னுடைய போன் எண்ணைத்தான் போட்டிருக்கிறார். கேமராவின் உரிமையாளர் கணக்கு அவருடையது. பெரியவனுக்கு அதில் பார்க்கும் அனுமதி மட்டும் 'ஷேர்' செய்யப்பட்டிருந்தது. ஐந்து வாரமாகக் காலனியின் வாசலை, யார் வருகிறார்கள் யார் போகிறார்கள் என்பதை, ஊர்த்தெருவில் இருக்கும் ஒருவர் தன் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அதற்கான காசை நாங்கள் கொடுத்திருந்தோம்.

வேண்டுமென்றே செய்தாரா, எல்லாக் கடைக்காரர்களும் செய்வதுபோல் வேலை சுலபமாக முடியட்டும் என்று செய்தாரா, எங்களால் சொல்ல முடியாது. பலரும் இப்படித்தான் மாட்டுகிறார்கள் என்பது பிறகு விசாரித்தபோது தெரிந்தது. ஆனால் அந்தத் தம்பிக்கு அதனால் ஒரு வித்தியாசமும் இல்லை. கோகுல்ராஜ் பெயர் எங்களுக்குத் தெரிந்த அளவுக்கு அவனுக்கும் தெரியும். கோயில் கேமராவில் ஒரு பெண்ணோடு நடந்துபோன காட்சி அவனும் டிவியில் பார்த்ததுதான். செத்த பிறகு நியாயம் வாங்கித் தருகிற அதே காட்சி, உயிரோடு இருக்கும்போது தப்பான கைக்குப் போனால் சாவைக் கூட்டிக்கொண்டு வரும். "நாங்க ரெண்டு பேரும் நடந்து போற மாதிரி அதுல இருக்குண்ணே" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

மெமரி கார்டில் மிரட்டல் பதிவாகியிருந்தது அவனுக்குத் தெரியவே தெரியாது. அதை நாங்கள் ரகசியமாக வைத்திருந்தோம். தெரிந்திருந்தால் எடுத்திருக்கமாட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டான். பியூஸைக் கழற்றித் திண்ணையில் வைத்தது ஏன் என்று கேட்டோம். "அக்காவுக்குக் காலைல தேடக்கூடாதுல்ல" என்றான்.

சமூகவியல் முதுகலை வகுப்பில் கண்காணிப்பு பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்தோம். பெந்தாம் வரைந்த வட்டச் சிறை, அதை வைத்து ஃபூக்கோ சொன்னது, எல்லாவற்றையும் தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கினோம். பார்ப்பவர் கையில்தான் அதிகாரம் இருக்கிறது என்று எழுதிய நாங்கள், மாட்டிய கேமராவை யார் பார்க்கிறார்கள் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. தெருப் பெண்கள் கேட்டிருந்தார்கள். கேமரா வந்த வாரத்திலிருந்து சில பெண்கள் அக்கா வீட்டு வழியை விட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டு போனார்கள். எதிர் வீட்டுக் குளியல் தட்டி அந்தக் கேமராவுக்கு நேரே இருந்தது. எங்களிடம் வந்து யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் நாங்கள் வந்து கேட்கவில்லை.

பிரச்சினை இப்போது வேறாகிவிட்டது. அக்காவின் வழக்குக்கு வேண்டிய ஆதாரம் ஏரிக்குள் போய்விட்டது. எடுத்தவன் எங்கள் பிள்ளை. புகாரைத் தொடர்ந்தால், ஏன் எடுத்தான் என்று போலீஸ் கேட்கும். பதில் எழுத்தில் வரும். எழுத்தில் வந்தால் ஊருக்குப் போகும். புகாரை விட்டால், மிரட்டியவர்களுக்கு அது வெற்றி. காலனியில் எல்லோரும் அவர்கள்தான் எடுத்தார்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்த நம்பிக்கையை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்றும் எங்களில் ஒருவர் சொன்னார். "செய்யக்கூடியவங்கதானே, செஞ்சதாவே இருக்கட்டும்" என்றார். அன்று இரவு அதைப்பற்றி நிறையப் பேசினோம், சண்டையும் போட்டுக்கொண்டோம். பொய்வழக்கு என்று சொல்லித்தான் எங்கள் மக்களின் ஒவ்வொரு உண்மையான வழக்கையும் நொறுக்குகிறார்கள். செய்யாத ஒன்றை அவர்கள் மேல் சுமத்தினால், செய்ததையும் நாமே கழுவிவிட்ட மாதிரி ஆகும். இதில் முடிவாக எல்லோரும் ஒத்துப்போனோம்.

முடிவு அக்காவுடையது என்று அவரிடம் போனோம். தம்பியையும் கூட்டிக்கொண்டு போனோம். நடந்ததை எல்லாம் அவனே சொன்னான். அக்கா ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டே கேட்டார். அந்தப் பெண்ணைப் பற்றி மட்டும் இரண்டு கேள்வி கேட்டார். பிறகு சொன்னார்: "என் புள்ளைய அடிச்சப்ப கேமராவா இருந்துச்சு? நான் பாத்தேன். நான் போய்ச் சொல்லுவேன். இவன் உசுரோட இருக்கட்டும்."

எங்களிடம் திரும்பி, "நீங்க ஏன் ஞாயித்துக்கிழம வரைக்கும் வரல?" என்றார். பதில் இல்லை.

பொருள் திரும்பக் கிடைத்துவிட்டது, மேல் நடவடிக்கை தேவையில்லை என்று காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தோம். அது உண்மைதான். எழுத்தர் அப்போதும் சிரித்தார்.

மிரட்டலுக்கு மிஞ்சியது ஒரே ஒரு படம். ஆள் நடமாட்டம் தெரிந்ததும் பெரியவன் போனுக்கு வந்த அறிவிப்பில் ஒட்டியிருந்த சின்னப் படம். இரண்டு பைக்கின் முன்விளக்கு, இரண்டு நிழல், மூலையில் தேதியும் நேரமும். முகம் இல்லை, குரல் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் அந்த வாசலில் யாரோ வந்தார்கள் என்று அது சொல்லும். மீதியை அக்கா சொல்வார்.

இதிலிருந்து நாங்கள் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறோம். எங்களைப் போல் பல காலனிகளில் இப்போது கேமரா மாட்டுகிறார்கள். வேங்கைவயல் தண்ணீர்த் தொட்டியில் 2022 டிசம்பரில் மலம் கலக்கப்பட்ட பிறகு, தொட்டிக்கும் சிலைக்கும் கேமரா வேண்டும் என்ற பேச்சு எல்லா இடத்திலும் இருக்கிறது. மாட்டுங்கள். ஆனால் எங்களைப் போல் மாட்டாதீர்கள்.

முதலில் கணக்கு. கேமராவை முதலில் பதிவு செய்யும் போன் உங்களுடையதாக இருக்க வேண்டும். கடைக்காரரின் எண்ணில் பதியக் கூடாது, 'அப்புறம் மாத்திக்கலாம்' என்று விடவும் கூடாது. ஏற்கெனவே மாட்டியிருந்தால், பழைய கணக்கிலிருந்து அதை விடுவிக்கச் சொல்லி, ரீசெட் பொத்தானை அழுத்தி, உங்கள் கணக்கில் புதிதாக ஏற்றுங்கள். கேமராவோடு வரும் கடவுச்சொல்லை அன்றே மாற்றுங்கள். யார் யாருக்குப் பார்க்கும் அனுமதி இருக்கிறது என்று மாதம் ஒருமுறை பாருங்கள்.

இரண்டாவது இடம். எட்டாத உயரத்தில், பத்துப் பன்னிரண்டு அடிக்கு மேல் இருக்க வேண்டும். வயர் வெளியே தொங்கக் கூடாது. சுவரைத் துளைத்து நேராக உள்ளே போகட்டும், முடியாவிட்டால் குழாய்க்குள் போகட்டும். எங்கள் தம்பிக்கு ஒரு திண்ணையும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் போதுமானதாக இருந்தது. இரண்டு கேமரா வாங்க முடிந்தால் ஒன்றை ஒன்று பார்க்கும்படி வையுங்கள். ஒன்றைக் கழற்ற வருபவரை மற்றது பிடிக்கும். சுற்றி ஒரு இரும்புக் கூண்டு அடித்தால் இன்னும் நல்லது. அண்ணலின் சிலைக்கே கூண்டு போட வைத்த நாட்டில் கேமராவுக்குக் கூண்டு போடுவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

மூன்றாவது மின்சாரம். காலனி வீடுகளில் மீட்டரும் பியூஸும் வெளித் திண்ணையில்தான் இருக்கின்றன. பியூஸைப் பிடுங்கினால் கேமரா செத்தது. மோடத்துக்கும் கேமராவுக்கும் சேர்த்து ஒரு சின்ன யு.பி.எஸ். வீட்டுக்குள் இருக்கட்டும்.

நான்காவது பதிவு. சுவரில் இருக்கும் கேமராவுக்குள்ளேயே கார்டு இருந்தால், கேமராவை எடுப்பவன் சாட்சியையும் சேர்த்து எடுத்துப் போகிறான். பதிவுப் பெட்டி வைத்திருந்தால் அதை டிவி பக்கத்தில் வைக்காதீர்கள், திருட வருபவர் முதலில் தேடும் இடம் அது. காற்றோட்டமுள்ள, பூட்டுப் போட்ட வேறு இடத்தில் வையுங்கள், முடிந்தால் வேறு வீட்டில். மிரட்டலோ தாக்குதலோ பதிவானால் அதே இரவில் போனில் இறக்கி, வெளியூரில் இருக்கும் இருவருக்கு அனுப்பிவிடுங்கள். அனுப்பிய நகல் மட்டும் கோர்ட்டுக்குப் போதாது. மூலக் கார்டை எடுத்து, தேதி எழுதி, உறையில் போட்டு வையுங்கள். மின்னணுப் பதிவோடு சான்றிதழ் வேண்டும் என்று 2020-இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இப்போது அது பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63(4) பிரிவில் இருக்கிறது. படிவம் வக்கீலிடம் கேளுங்கள், அதில் நீங்கள் நிரப்ப ஒரு பகுதி, நிபுணர் நிரப்ப ஒரு பகுதி.

ஐந்தாவது காகிதம். பில், பெட்டி, கேமராவின் பின்னால் உள்ள வரிசை எண், இவற்றை மாட்டும் முன்பே போட்டோ எடுத்து வையுங்கள். திருடு போனால் எதையும் தொடாமல் முதலில் படம் எடுங்கள். வைஃபை கடவுச்சொல்லை மாற்றுங்கள், ஆனால் திருடுபோன கேமராவைக் கணக்கிலிருந்து நீக்காதீர்கள். பல கேமராக்களைப் பழைய கணக்கிலிருந்து விடுவிக்காமல் புதிதாக வேறொருவர் பயன்படுத்த முடியாது.

ஆறாவதுதான் எங்களுக்கு முதலாவதாக இருந்திருக்க வேண்டியது. மாட்டும் முன்பு தெருவைக் கூப்பிட்டுப் பேசுங்கள். கேமரா பார்ப்பதைப் போனில் எல்லோருக்கும் காட்டுங்கள். பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். பக்கத்து வீட்டு வாசலும் குளியல் தட்டியும் காட்டுக்குப் போகும் வழியும் அதில் விழக் கூடாது. உங்கள் வாசலுக்கு மேல் ஒரு அடிகூட அதிகமாகப் பார்க்கத் தேவையில்லை. தெருவுக்கு வேண்டாத கேமராவை வெளியாள் வந்து எடுக்க வேண்டியதில்லை.

இவ்வளவும் எழுதிய பிறகும் ஒன்று உறுத்துகிறது. வன்கொடுமை தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தத்தின்போது 15ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. பாதிக்கப்பட்டவரையும் சாட்சிகளையும் மிரட்டலிலிருந்து காப்பது அரசின் கடமை என்று அது சொல்கிறது. அக்காவுக்கு முதல் மிரட்டல் வந்த அன்றே அந்தப் பிரிவில் சிறப்பு நீதிமன்றத்தில் மனு போட்டிருக்க வேண்டும். நாங்கள் கடைக்குப் போனோம். அரசு செய்ய வேண்டிய காவலை மூவாயிரம் ரூபாய்ப் பொருளாக மாற்றி ஒரு ஏழைப் பெண்ணின் சுவரில் மாட்டினோம். அது திருடு போனபோது அவருடைய பொறுப்பாகவும் ஆனது. கேமராவை மட்டும் நம்புவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு சாத்தான்குளம் போதும். 2020-இல் தந்தையும் மகனும் சித்திரவதைக்குள்ளாகி இறந்த வழக்கில் அந்தக் காவல் நிலையத்துக் கேமராப் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததை விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் கண்டறிந்தார். அங்கே கேமராவும் இருந்தது, பதிவு வைக்க இடமும் இருந்தது. பொறுப்புதான் இல்லை.

15ஏ மனு இப்போது போட்டாகிவிட்டது. அந்த ஒற்றைப் படத்தையும் சேர்த்தே போட்டோம். ரோந்து போலீஸ் இரவில் அக்கா வீட்டுக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறது, எல்லா நாளும் இல்லை, வாரத்தில் மூன்று நான்கு நாள். வராத நாளை அக்கா காலண்டரில் சுழித்து வைக்கிறார். அந்தக் காலண்டரும் ஒரு ஆதாரம்தான்.

தம்பி இப்போது ஊரில் இல்லை. அந்தப் பெண்ணும் இல்லை. அதற்கு மேல் சொல்ல மாட்டோம், யாரும் கேட்கவும் வேண்டாம்.

கேமரா மறுபடியும் அக்கா வீட்டுச் சுவரில் இருக்கிறது, மூன்றடி மேலே, கூண்டுக்குள். இந்த முறை தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் கூடி நின்று, போனைப் பார்த்துக்கொண்டே, "இன்னும் கொஞ்சம் கீழ, இன்னும் கொஞ்சம்" என்று சொல்லச் சொல்ல நாங்கள் திருப்பி வைத்தோம். புளியமரம் தெரியவில்லை. குளியல் தட்டி தெரியவில்லை. அக்கா வீட்டு வாசலும் அதற்கு முன்னால் ஒரு பைக் நிற்கும் அளவு இடமும்தான் தெரிகிறது.

அடுத்த வாய்தா அடுத்த மாதம். அக்காதான் முதல் சாட்சி.

ஜெய்பீம்.